படத்தில் வளர்ந்த பிள்ளை

பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் இந்த வேலைக்கு ஜேர்மனியில் தமிழ்ப் பிள்ளைகள் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது நீங்கள் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். ஒருவர் ஹம்பேர்க்கில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்கிறார், இருவர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்கள். "அக்கா, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். ஓய்வு பெற்றவர்கள் எழுதவேண்டியதை முப்பத்தைந்து வயதுக்காரியிடம் கேட்கிறார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், உங்களுக்கு மூத்த தமிழர் என்று சொல்ல இந்தத் தொழிலில் என்னை விட்டால் ஆள் இல்லை. அந்த இடத்தை நான் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்கிறேன்.

வெட்கப்பட என்ன இருக்கிறது? என் அம்மா பள்ளிக்கூட வாசலைக் காணாதவர். அப்பா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஹம்பேர்க்கில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். எங்கள் வீட்டில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டறையில் வெள்ளைக் கோட்டோடு நின்ற என் படத்தை அம்மா உறவுக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு கனடாவில் இருந்து ஒரு மாமி தொலைபேசியில் எடுத்து முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்.

"நான் டொக்டர் இல்லை மாமி. பழைய ஓவியங்களைத் துப்பரவாக்கித் திருத்திறனான்."

"இவ்வளவு படிச்சுப்போட்டுத் தூசியோ தட்டுறாய்?" என்றார்.

ஓம் மாமி, தூசிதான் தட்டுகிறேன். அதை எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு படித்தேன்.

கரைப்பான், பசை, பஞ்சு பற்றியெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது ஒரு பிள்ளையின் படத்தைப் பற்றி. ஹனோவரில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது எங்கள் பட்டறைக்கு வந்தது.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. அந்த இடத்தில் சைக்கிள் கடை வந்துவிட்டது. போன முறை ஹனோவருக்குப் போனபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். எங்கள் பெரிய மேசை இருந்த இடத்தில் குழந்தைச் சைக்கிள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்பு அது ரொட்டி சுடும் வெதுப்பகம். நாங்கள் இருந்த காலத்திலும் மழை நாட்களில் சுவரிலிருந்து பாண் வாசம் வரும் என்று பட்டறைக்காரி சொல்லுவார். எனக்கு டர்பன்டைன் மணம்தான் வந்தது. தெருவில் டிராம் போகும்போதெல்லாம் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். அந்த நேரம் நுணுக்கமான வேலை செய்கிற எல்லாரும் படத்திலிருந்து கையைத் தூக்கிக்கொள்வோம். இப்போது மியூனிக்கில் நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. இருந்தும் என் கை சில வேளைகளில் தானாக உயர்ந்து காத்திருக்கிறது.

பட்டறைக்காரி ஒரு ஜேர்மன் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். கோப்பியை ஆறவிட்டுத்தான் குடிப்பார். தமிழ் ஆட்கள் யாராவது வந்தால் என்னைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். மாலினி அக்கா வந்த அன்றும் அப்படித்தான்.

மாலினி அக்காவுக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது இருக்கும். பல் கட்டும் ஆய்வுகூடத்தில் வேலை. ஒரு போர்வையைப் பிரித்து, அலுமாரியின் பின்பலகை ஒன்றை மேசையில் வைத்தார். அதில் ஒரு சிறுமியின் முகம். பத்து, பதினொரு வயது. இரட்டைப் பின்னல், சிவப்பு ரிபன், நீலச் சுவர். எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் படிந்து படம் முழுவதும் பழுப்பேறியிருந்தது. வலது பக்கத்தில், காதுக்குப் பக்கத்தில், நாணயம் அளவுக்கு ஒரு இடம் உரிந்திருந்தது.

"அப்பா கீறின படம். யாழ்ப்பாணத்திலை அவர் கடைகளுக்குப் பேர்ப்பலகை எழுதினவர். இஞ்சை அகதி முகாமிலை இருக்கேக்கை கீறினவர். வேலை செய்ய விசா இல்லை, சும்மா இருக்க ஏலாது, ஆரோ எறிஞ்ச அலுமாரிப் பலகையிலை கீறியிருக்கிறார்."

"படத்திலை நீங்களோ அக்கா?"

"அதுதான் பிரச்சினை. நான் எண்டுதான் அவர் சொல்லுறவர். அது நான் இல்லை."

"சின்ன வயசுப் படம் எல்லோ, ஆள் மாறித்தான் இருக்கும்."

"தங்கச்சி, நான் பல்லுக் கட்டுறனான். அந்தச் சிரிப்பைப் பாருங்கோ. அந்தப் பல்லு என்ரை வாயிலை ஒருநாளும் இருக்கேல்லை."

பிறகு உரிந்த இடத்தைக் காட்டினார். உள்ளே இன்னொரு வர்ணம் தெரிந்தது: ஒரு சின்னக் காது, அதில் ஒரு பொட்டுத் தோடு.

"உதுதான் நான்" என்றார். "மேலை இருக்கிறவளை எடுத்துவிடுங்கோ."

அவருடைய கதையை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை அதைச் சுற்றித்தான். மாலினி அக்காவின் தாய் இளவயதிலேயே இறந்துவிட்டார். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது தகப்பன் அவரைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு ஜேர்மனிக்கு வந்தார். பிள்ளையைக் கூப்பிட எட்டு வருடம் ஆனது. பதினொரு வயதில் யாரோ தெரிந்தவர்களோடு விமானத்தில் ஏறி பிராங்பேர்ட்டில் இறங்கியபோது, புகைப்படத்தில் பார்த்திருந்த அப்பாவை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கையை உயர்த்தினார். தகப்பன் அவரைத் தாண்டிப் போனார். அதே விமானத்தில் வந்த, இரட்டைப் பின்னல் கட்டிய வேறொரு பிள்ளைக்கு முன்னால் குனிந்து, அந்தப் பிள்ளையின் பையைக் கையில் வாங்கினார். அந்தப் பிள்ளையின் தாய் ஓடி வந்து பையைப் பிடுங்கியபோதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

அன்று முதல் அந்தப் படத்துக்குக் கீழேதான் மாலினி அக்கா வளர்ந்தார். சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே அது தொங்கியது.

இப்போது தகப்பன் முதியோர் இல்லத்தில். மறதி நோய். மகள் போனால் "ஷ்வெஸ்ரர்" என்று தாதியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார், முகத்தைப் பார்க்காமலே தண்ணீர் கேட்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் படத்தோடு மட்டும் காலையும் மாலையும் கதைப்பார்.

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார் மாலினி அக்கா. "அவர் போகமுதல் என்ரை முகத்தை ஒருக்கா வடிவாப் பாக்கோணும். நேரை பாக்கிறார் இல்லை. படத்திலையாவது பாக்கட்டும்."

நாங்கள் எங்கள் முறைப்படி எல்லாம் செய்தோம். பட்டறையில் எக்ஸ்ரே கருவி இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த மிருக வைத்தியர்தான் எங்களுக்குப் படம் பிடித்துத் தருவார். காலில் கட்டுப் போட்ட ஒரு டக்ஸ்ஹூண்ட் நாய்க்கும் வாந்தி எடுத்த ஒரு பூனைக்கும் நடுவில், போர்வை சுற்றிய பலகையை மடியில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். நாயின் சொந்தக்காரி மிகுந்த அக்கறையோடு "உங்களுடையதுக்கு என்ன சுகமில்லை?" என்று கேட்டார்.

எக்ஸ்ரேயில் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கண்ணுக்கு மேல் கண். வாய்க்குக் கீழே ஒவ்வொரு நாடியும் முந்தியதைவிடக் கொஞ்சம் கீழே. ஒரு வர்ணத் துணுக்கை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது: ஐந்து முகங்கள். ஒவ்வொரு முகத்தையும் முடித்து, அதன்மேல் வார்னிஷ் பூசிக் காயவிட்ட பிறகுதான் அடுத்ததை வரைந்திருக்கிறார். அடியில் தளிர்நடை போடும் வயசு, உச்சியில் பள்ளிக்கூடப் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து படம் வரவர, அதைப் பார்த்து அதே பலகையில் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார் என்று நாங்கள் ஊகித்தோம். மாலினி அக்காவும், பெரியம்மா ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்து அனுப்பியது ஞாபகம் இருக்கிறது என்றார். அந்தப் புகைப்படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஊரில் இருந்தவை வீட்டோடு போயின. இங்கே வந்தவை முகாம் மாறி முகாம் மாறித் தொலைந்தன.

நடுவில் வார்னிஷ் இருந்ததால் மேல்முகத்தை மட்டும் உரித்தெடுப்பது முடியக்கூடிய காரியம். ஓரத்தில் சோதித்துப் பார்த்தேன். கரைப்பானில் தொட்ட பஞ்சை வைத்து எடுத்தவுடன் சிவப்பு ரிபனின் நுனி கரைந்து வந்தது. கீழே கறுப்புத் தலைமயிர் புதிதுபோல மினுங்கியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உங்களுக்கும் வரும். தவறில்லை. ஆனால் அந்தப் பெருமை வந்த உடனே பஞ்சைக் கீழே வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் பட்டறைக்காரி ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் பலிபீட வேலைக்குப் போயிருந்தார். நான் தனியே. காலை பத்து மணி போல மாலினி அக்கா ரேர்மின் எடுக்காமல், முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது.

"இல்லத்திலை இருந்து போன் எடுத்தவையள். படம் இல்லாமல் அப்பா சாப்பிடுறார் இல்லையாம். 'பிள்ளை எங்கை, பிள்ளை எங்கை' எண்டு கதவைக் கதவைப் பாக்கிறாராம். இண்டைக்கே கொண்டு வரட்டாம்."

"சரி அக்கா, நான் கட்டித் தாறன்."

"இப்பிடியே வேண்டாம். எடுத்துப்போட்டுத் தாங்கோ."

"இண்டைக்கோ?"

"ஓரம் எடுக்க ஒரு நிமிசம் போகேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். முகத்துக்கு எவ்வளவு நேரம் போகும்? நான் இதிலையே இருந்து எடுத்துக்கொண்டு போறன். இவளைத் திரும்பவும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலை என்ரை கையாலை கொண்டுபோய் வைக்க எனக்கு ஏலாது, தங்கச்சி."

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். தகப்பனின் காரியங்களைப் பார்க்கும் சட்டப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. அவர் சொன்னால் நான் செய்யலாம். ஒருவரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். பட்டறைக்காரிக்குத் தொலைபேசியில் எடுத்தேன். தேவாலயச் சுவரில் கட்டிய சாரத்தின் மேலே நிற்கிறார் என்று தெரிந்தது, காற்றுச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படத்துக்கு முன்னால் நிற்பது நீ. நான் இல்லை. உனக்கு எது தெரியவில்லை என்று பார். அது தெரியும்வரை எதையும் எடுக்காதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு எது தெரியாது? வர்ணம் தெரியும், வார்னிஷ் தெரியும், எந்தக் கரைப்பான் எவ்வளவு என்று தெரியும். மேல்முகம் ஏன் மாலினி அக்காவைப்போல இல்லை என்பது தெரியாது. கீழே உள்ளவை அவரைப்போல இருந்தால், மேலே உள்ளது மட்டும் ஏன் வேறு யாரோ?

பிறகுதான் எனக்கு உறைத்தது. நாய்க்கும் பூனைக்கும் நடுவில் இருந்து எக்ஸ்ரே எடுத்தோம். நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். வரைந்தவரைக் கேட்கவில்லை. எங்கள் மேசைக்கு வருகிற ஓவியங்களை வரைந்தவர்கள் எல்லாரும் செத்துப் போனவர்கள். கேட்காமல் வேலை செய்தே பழகிப்போனோம். இந்த ஓவியர் டிராமில் மூன்று தரிப்பிடம் தள்ளி உயிரோடு இருந்தார்.

"அக்கா, படத்தைக் கொண்டு இரண்டு பேரும் அப்பாவிட்டைப் போவம். ஒருக்கா அவரைக் கேட்டுப்போட்டு வந்து செய்வம்."

"அவரையோ? என்னையே ஆரெண்டு தெரியாது அவருக்கு."

"உங்களைப் பற்றிக் கேக்கேல்லை. வார்னிஷைப் பற்றிக் கேக்கப் போறன்."

அவருக்குக் கோபம். "காசு குடுத்து வேலை செய்விக்க வந்தால் நீங்கள் என்னைத் திருப்பி அனுப்புறியள்" என்றார். டிராமில் பலகையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். சமாதானமாக ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. நான் செய்தது சரியோ என்று எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது?

தகப்பன் யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். மெலிந்த மனிதர். பலகையைக் கட்டிலில் சாய்த்து வைத்ததும் அவர் முகம் இளகியது. "சாப்பிட்டியோ?" என்று படத்தைக் கேட்டார். மாலினி அக்கா கதவடியிலேயே நின்றுவிட்டார்.

நான் பக்கத்தில் குந்தியிருந்து, தொழில்காரரிடம் தொழில்காரி கேட்பதுபோலக் கேட்டேன். "ஐயா, இதிலை ஒவ்வொரு முகத்துக்கும் மேலை வார்னிஷ் அடிச்சிருக்கிறியள். ஏன்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை போலும். குரல் திடீரென்று தெளிந்து வந்தது.

"அடிக்காமல் விட்டால் கீழை இருக்கிறது கரைஞ்சு மேலை வரும். பேர்ப்பலகை எண்டால் பழசைச் சுரண்டிப்போட்டு எழுதலாம். இதைச் சுரண்ட ஏலுமோ? கீழை இருக்கிறதும் அவள்தானே."

"ஊரிலை இருந்து படம் வர வரக் கீறினனீங்களோ?"

"ஓம் ஓம். அவளின்ரை பெரியம்மா அனுப்புவா."

"கடைசியாக் கீறினது இது. இது எந்தப் படத்தைப் பார்த்து?"

கையை விரித்தார். "படம் வரேல்லை. சண்டை. றோட்டும் இல்லை, தபாலும் இல்லை. ஒண்டும் வரேல்லை. அதுக்காகப் பிள்ளை வளராமல் நிண்டிருப்பாளோ?"

அவராகவே தொடர்ந்தார்.

"வருசம் போகுது. நான் சின்னப் பிள்ளையையே பாத்துக்கொண்டிருந்தால், வாற அண்டைக்கு எனக்கு ஆளைத் தெரியாமல் போயிடும் எல்லோ. அதுதான் இப்ப இப்பிடி இருப்பாள், இவ்வளவு உயரம் வந்திருப்பாள் எண்டு யோசிச்சுக் கீறினனான். தலை பின்னத் தெரிஞ்சிருக்கும். பெரியம்மா ரிபன் கட்டிவிடுவா. ஒவ்வொருநாளும் பாத்துப் பாத்து மனப்பாடமாக்கினனான், எயார்போட்டிலை மாறிப் போகக்கூடாதெண்டு."

கதவடியில் இருந்து மாலினி அக்காவின் குரல் வந்தது. "மாறிப் போச்சுதோ?"

அவர் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். "மாறித்தான் போச்சுது. அவளிலை பிழை இல்லை. நான் கீறினது பிழை."

இல்லத்தில் மதியச் சாப்பாட்டு வண்டி வரும் சத்தம் கேட்டது. ஒரு தாதி எட்டிப் பார்த்துவிட்டு, நாங்கள் நின்ற நிலையைக் கண்டோ என்னவோ, அடுத்த அறைக்குப் போனார்.

மாலினி அக்கா மெல்ல உள்ளே வந்து கட்டில் விளிம்பில் இருந்து படத்தை மடியில் எடுத்தார். உரிந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். "இதை இனி உரியாமல் ஒட்டிவிட ஏலுமோ?" என்று என்னிடம் கேட்டார்.

"ஏலும்."

"புகையையும் துடைச்சுவிடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

அந்தப் படத்துக்கு நான் செய்த வேலை அவ்வளவுதான். பசையும் வர்ணமும் தூரிகையும் என் பையில் இருந்தன, அங்கேயே செய்தேன். ரிபனின் கரைந்த நுனியையும் சரிசெய்தேன். என் கையால் எடுத்ததை என் கையாலேயே திருப்பி வைக்கக் கிடைத்தது எனக்கு அதிர்ஷ்டம். உங்களுக்கு எப்போதும் அது கிடைக்காது.

நான் வேலை செய்வதைப் பெரியவர் கவனித்துக்கொண்டிருந்தார். தூரிகையை நான் பிடித்த விதத்தில் அவருக்குத் திருப்தி இல்லை. "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் பிடியுங்கோ" என்றார். பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் நாற்காலியில் முன்னுக்குச் சரிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"இப்ப இன்னும் வளந்திருப்பாள். பிறகு நான் திருத்தவே இல்லை. வேலை, வேலை எண்டு ஓடினதிலை விட்டுப்போச்சு."

"இப்ப திருத்தலாமே, ஐயா."

"ஆரைப் பாத்து?" என்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவர், யன்னல், நான். பிறகு கட்டில் விளிம்பில் இருந்தவரில் அவர் பார்வை நின்றது.

"ஷ்வெஸ்ரர், உங்களுக்கு நேரம் இருக்கோ? கொஞ்சம் இந்த வெளிச்சத்துக்கு வந்து இருங்கோவன். உங்களிலை அவளின்ரை சாயல் கொஞ்சம் கிடக்கு."

நான் என் குறிப்புத் தாளில் ஒன்றைக் கிழித்து, பென்சிலோடு அவர் கையில் கொடுத்தேன். மாலினி அக்கா எழுந்து யன்னலோரக் கதிரையில் போய் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆடாமல் இருங்கோ" என்றார் பெரியவர்.

அவர் உடனே வரையத் தொடங்கவில்லை. பென்சிலைத் தாளுக்குச் சற்று மேலே பிடித்தபடி, மாலினி அக்காவின் நெற்றியில் தொடங்கி, புருவம், கண், மூக்கு, வாய், நாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாடி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்ப நெற்றிக்குப் போனார். சாப்பாட்டு வண்டி கதவடிக்கு வந்தது. நான் கையைக் காட்டி அதை நிறுத்தினேன்.